நாட்டுக் குதிரையைக் கண்காட்சிக்குத் தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தை நெருங்கும்போது எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். அக்டோபர், நவம்பர் வாக்கில் ராஜஸ்தான் புஷ்கர் சந்தை, டிசம்பரில் மகாராஷ்டிராவின் தபதிக் கரையில் சாரங்கேடா சந்தை என்று வெளியூர் போகிறவர்களும் கூப்பிடுவார்கள். "அண்ணா, குதிரை மினுமினுன்னு இருக்கணும், என்னத்த தடவுறது?" என்பதுதான் பாதிப் பேரின் முதல் கேள்வி. கொங்குப் பக்கம் சின்னதாக ஒரு லாயம் வைத்து மார்வாரி, கத்தியவாரி என்கிற நாட்டு இனக் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் போனில் கத்துகிற வேலை குறையும்.

எத்தனை நாளுக்கு முன்னால் வேலையைத் தொடங்க வேண்டும்?

குறைந்தது மூன்று மாதம். பதினைந்து நாளில் செய்ய முடிவது அழுக்கை எடுப்பது மட்டும்தான். முடியின் பளபளப்பு, கழுத்தின் திரட்சி, குளம்பின் நேர்த்தி எல்லாமே உள்ளிருந்து வளர்ந்து வர வேண்டியவை. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட முழுதாக வளர்வதில்லை. லாடம் கோணலாக அடித்து உடைந்த ஓரத்தை அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தால் நடக்காது.

சரி, மினுமினுப்புக்கு என்ன தடவுவது?

எதுவும் வேண்டாம். குதிரையின் தோலே எண்ணெய் சுரக்கிறது. அந்த எண்ணெயை முடியின் வேரிலிருந்து நுனி வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையைத்தான் நம் கையும் பிரஷும் செய்கின்றன. தினம் முக்கால் மணி நேரம் தேய்த்தால் இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

தேய்க்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் ரப்பர் சீப்பு. இடது காதுக்குப் பின்னால் கழுத்தில் ஆரம்பித்து, உள்ளங்கை அகலத்துக்கு வட்டம் வட்டமாகச் சுழற்றிக்கொண்டே தோள், முதுகு, விலா, தொடை என்று போக வேண்டும். பொடுகு மாதிரி வெள்ளைத் தூசு மேலே கிளம்பும். முகத்திலும் முழங்காலுக்குக் கீழேயும் இந்தச் சீப்பு படக் கூடாது. அங்கே தோலுக்கு அடியில் எலும்புதான், சதை கிடையாது.

அடுத்தது கெட்டி பிரஷ். மணிக்கட்டைச் சுண்டிச் சுண்டி, கிளம்பிய தூசை வெளியே தள்ள வேண்டும். மூன்றாவது மென்மையான பிரஷ். இதில்தான் விஷயம் இருக்கிறது. கையை நீட்டி, உடம்பின் எடையைக் கொஞ்சம் சாய்த்து, முடி படிந்திருக்கும் திசையிலேயே நீளமாக இழுக்க வேண்டும். நாலு இழுப்புக்கு ஒரு தடவை பிரஷை இரும்புச் சீப்பில் உரசித் தூசைத் தட்டிவிடுங்கள். தட்டாமல் தேய்த்தால் எடுத்த அழுக்கை அதே இடத்தில் திரும்பப் பூசுகிறீர்கள் என்று அர்த்தம். கடைசியாகப் பழைய பருத்தித் துணியால் ஒரு துடைப்பு.

முடிந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இடுப்புப் பக்கம் முடியின் எதிர்த்திசையில் விரல் நுனியை அழுத்தி இழுங்கள். விரலில் சாம்பல் நிறமாக ஒட்டினால் வேலை பாக்கி இருக்கிறது. நடுவர்களும் இப்படித்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்று. தேய்க்கும் நேரம்தான் குதிரையை உடம்பு முழுக்கத் தடவிப் பார்க்கிற நேரம். உண்ணி, வீக்கம், காலில் சூடு, சேணம் உரசிய புண் எல்லாம் கண்ணுக்கு முன்னால் கைக்குத்தான் தெரியும். வழக்கமாக அமைதியாக நிற்கும் குதிரை ஓர் இடத்தில் கை பட்டதும் தோலைச் சிலிர்த்தால் அங்கே நின்று பாருங்கள்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா? எல்லாரும் தடவுகிறார்களே?

போட்டோவுக்கு நன்றாக இருக்கும். அரை மணி நேரத்தில் சந்தைப் புழுதி மொத்தமும் அதன்மேல் ஒட்டி, குதிரை பிசுபிசு என்று ஆகிவிடும். மூக்கின் மேற்புறம், கண்ணைச் சுற்றி, காது ஓரம் ஆகிய இடங்களில் மட்டும் களத்துக்குள் போகுமுன் துணியில் ஒரு சொட்டு எடுத்துத் தடவலாம், தலை எடுப்பாகத் தெரியும். கடையில் விற்கும் சிலிகான் ஸ்ப்ரே வால் முடிக்கு நல்லது. முதுகில் மட்டும் அடிக்காதீர்கள், சேணம் வழுக்கும்.

எப்போது குளிப்பாட்ட வேண்டும்?

கருப்பு, செம்மண் நிறம், பழுப்புக் குதிரைகள் என்றால் கண்காட்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால். ஷாம்பு தோலின் எண்ணெயையும் சேர்த்துக் கழுவிவிடும், அது திரும்ப ஊற நேரம் வேண்டும். வெள்ளைக் குதிரைக்கு வேறு வழியில்லை, முந்தைய நாள் சாயங்காலம்தான்.

தினமும் ஷாம்பு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குதிரைகளின் முடி வைக்கோல் மாதிரி வறண்டு கிடக்கும். வேலை முடிந்து வியர்த்திருந்தால் வெறும் தண்ணீர் போதும். கழுவிய பிறகு தண்ணீரை வழித்துவிட்டு நிழலில் நடத்திக் காயவிடுங்கள். ஷாம்பு நுரை தோலில் தங்கினால் அரிப்பு வரும், குதிரை சுவரில் உரசி வாலைக் கெடுத்துக்கொள்ளும்.

எங்களுடையது வெள்ளைக் குதிரை. சாணிக் கறை போகவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

முதலில் உங்கள் குதிரை எந்த வெள்ளை என்று பாருங்கள். பிறக்கும்போதே வெள்ளையாக, ரோஜா நிறத் தோலோடு இருந்தால் அது நொக்ரா. கருப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து வருடா வருடம் வெளுத்து வந்தது, மூக்குத் தோல் கருப்பு என்றால் அது சாம்பல் குதிரை. இரண்டுக்கும் கவனிப்பு வேறு. நொக்ராவின் மூக்கு வெயிலில் வெந்து தோல் உரியும், அதற்கு ஜிங்க் ஆக்சைடு கிரீம் போட வேண்டும். சாம்பல் குதிரைக்கு வயதானால் வாலுக்கு அடியில், ஆசனவாயைச் சுற்றிக் கருப்புக் கட்டிகள் வருவது மிகச் சாதாரணம். வாலைக் கழுவும்போது அங்கேயும் பாருங்கள், கட்டி தென்பட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கறைக்கு வருவோம். ஈரத்தோடு தேய்த்தால் கறை உள்ளே இறங்கும். காயவிட்டு, பிரஷ் போட்டு உதிர்த்துவிட்டு, மிச்சத்தை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்த துணியால் ஒற்றி எடுங்கள். மஞ்சள் தட்டியிருந்தால் குதிரைகளுக்கென்று விற்கும் ஊதா நிற ஷாம்பு இருக்கிறது. நுரைத்ததும் உடனே அலசிவிட வேண்டும்.

சொட்டு நீலம் போடலாமா என்று கேட்காதீர்கள். போட்டேன் ஒரு தடவை. வாளிக்கு இரண்டு சொட்டு என்று சொன்னார்கள், எனக்குப் போதாது என்று தோன்றியது, மூடியில் பாதி ஊற்றினேன். காய்ந்த பிறகு பார்த்தால் குதிரை இளம் நீலத்தில் நிற்கிறது. மறுநாள் சந்தை. எத்தனை வாளி ஊற்றியும் பிடரியும் வாலும் வெளுக்கவே இல்லை. வந்தவர்கள் எல்லாம் "கிருஷ்ணர் கலர்ல குதிரையா!" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். விலை கேட்க ஒருவர்கூட வரவில்லை.

கழுவிய இரவு சுத்தமாக வைத்திருப்பதுதான் பெரிய பாடு. தரையில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வைக்கோல் போட்டு, சாணியை இரவில் ஒரு முறை எழுந்து அள்ளுங்கள். வாலைப் பின்னி பழைய பருத்தித் துணிப் பைக்குள் விட்டுக் கட்டலாம். கட்டு வால் முடியில்தான் இருக்க வேண்டும். வால் எலும்பின்மேல் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று வாலே போய்விடும்.

வாலும் பிடரியும் அடர்த்தியாக வர என்ன செய்வது?

சீப்பை எடுத்து ஒளித்து வையுங்கள். ஒரு முழ நீள வால் முடி மறுபடி வளர வருடக்கணக்கில் ஆகும், அதைத் தினமும் சீப்பால் பிய்த்துக்கொண்டிருந்தால் எங்கே அடர்த்தி வரும்? விரலால் பிரியுங்கள். நுனியில் ஆரம்பித்து மேலே போக வேண்டும், மேலிருந்து கீழே வரக் கூடாது. நிற்கும் இடமும் முக்கியம்: குதிரையின் நேர் பின்னால் நிற்காமல் தொடையை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று வாலை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்.

மேல்நாட்டுப் போட்டிகளில் பிடரியைச் சின்னச் சின்ன முடிச்சாகப் பின்னி விடுவதைப் பார்த்துவிட்டு நம் ஆட்களும் கேட்கிறார்கள். இனத் தோற்றம் பார்க்கும் பிரிவில் மார்வாரியின் பிடரியை அவிழ்த்து விடுவதே அழகு. காதுக்குப் பின்னால், தலைக்கயிறு படிகிற இடத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தரித்தால் போதும்.

மீசையையும் காது முடியையும் ஷேவ் செய்ய வேண்டுமா?

வேண்டாம். மூக்கையும் கண்ணையும் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் முடி அலங்காரத்துக்காக முளைத்ததில்லை. குதிரையால் தன் வாய்க்கு நேர் கீழே இருப்பதைப் பார்க்க முடியாது. வாளியின் விளிம்பு எங்கே, தீவனத்தில் கல் எது என்று அந்த முடியால்தான் உணர்கிறது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்இஐ, இந்த உணர்வு முடிகளை வெட்டிய குதிரைகள் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்று 2021 ஜூலை 1 முதல் விதியே போட்டுவிட்டது. ஜெர்மனியில் அதற்கு முன்பே தடை உண்டு. நம் ஊர்ச் சந்தைகளில் இன்னும் பிளேடை வைத்து வழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

காது விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மார்வாரிக்கும் கத்தியவாரிக்கும் உள்நோக்கி வளைந்து நுனியோடு நுனி தொடும் காதுதான் அடையாளம், நடுவரின் கண் முதலில் அங்கேதான் போகும். காதை மெதுவாக மூடிப் பிடித்து, ஓரத்துக்கு வெளியே துருத்தும் முடியை மட்டும் கத்தரித்தால் வளைவு தெளிவாகத் தெரியும். உள்ளே இருக்கும் முடி பூச்சிக்கும் தூசுக்கும் தடுப்பு, அதைத் தொடாதீர்கள்.

முந்தைய நாள் புது லாடம் அடித்துவிடலாமா?

கூடவே கூடாது. ஆணி ஒரு நூல் உள்வாங்கினால் மறுநாள் குதிரை நொண்டும், அத்தோடு கதை முடிந்தது. ஒரு வாரம், பத்து நாள் முன்னால் அடித்துவிட்டால் ஏதாவது கோளாறு என்றாலும் சரிசெய்ய நேரம் இருக்கும். வழக்கமாக ஆறு வாரத்துக்கு ஒரு முறை லாடம் மாற்றுகிற கணக்கை, கண்காட்சித் தேதியிலிருந்து பின்னோக்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் நாலு குளம்பையும் தூக்கிக் கொக்கியால் சுத்தம் செய்வது கட்டாயம். குதிகால் பக்கத்திலிருந்து முன்னோக்கி வழிக்க வேண்டும். நடுவில் முக்கோணமாக, ரப்பர் மாதிரி ஒரு பகுதி இருக்கும். அதன் இரண்டு பக்கப் பள்ளத்திலும் கருப்பாகக் கசிந்து அழுகல் நாற்றம் அடித்தால் லாயத் தரை ஈரமாக இருக்கிறது என்று பொருள். தரையைச் சரிசெய்யாமல் மருந்து ஊற்றிப் பயனில்லை. குளம்புக்கு மேலே பூசும் பாலீஷ் களத்துக்குள் போகுமுன் ஒரு தடவை போதும்.

கொள்ளு எவ்வளவு போடலாம்? நிறையப் போட்டால் சீக்கிரம் தேறுமா?

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று நம் ஊரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். கொள்ளு நல்ல புரதம், வேகவைத்துக் கொடுக்கலாம். ஆனால் குதிரையின் வயிறு புல்லுக்காக அமைந்தது, தீவனத்தில் பெரும்பங்கு புல்லும் காய்ந்த புல்லுமாகத்தான் இருக்க வேண்டும். கண்காட்சிக்காகத் திடீரென்று தானியத்தைக் கூட்டினால் வயிற்று வலியில் புரளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது, அதனால் உயிருக்கே ஆபத்து. எந்த மாற்றமாக இருந்தாலும் ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு வாருங்கள்.

தவிட்டை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கி முக எலும்பு வீங்கிவிடும். ரோமத்துக்கு ஆளி விதை நல்லது. தினம் ஒரு கைப்பிடி, நன்றாகக் கொதிக்க வைத்து.

உடம்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் எனக்கும் பலருக்கும் சண்டை. அமெரிக்காவில் 1983இல் ஹென்னெக் என்பவர் வகுத்த 1 முதல் 9 வரையான அளவுகோலை இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். 5 அல்லது 6 சரியான உடம்பு. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கை வைத்து லேசாக அழுத்தினால் தட்டுப்பட வேண்டும். நம் சந்தைகளில் 8ஐத் தொட்ட குதிரையைத்தான் 'செழிப்பு' என்கிறார்கள். அந்தச் செழிப்பு முதலில் இறங்குவது குளம்பில். குளம்புக்குள் வீக்கம் வந்து ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாமல் நிற்கும்.

சுழி சரியில்லை என்கிறார்கள். முடியை வெட்டி மறைக்கலாமா?

சுழி முடியின் போக்கு, வெட்டினாலும் அதே மாதிரிதான் முளைக்கும். மார்வாரி வளர்ப்பவர்கள் கழுத்தில் நீளமாக இறங்கும் சுழியைத் 'தேவ்மன்' என்று கொண்டாடுவார்கள், கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் வாங்கத் தயங்குவார்கள். குதிரையின் நடைக்கும் குணத்துக்கும் சுழிக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் விற்க வந்திருப்பவர் வாங்குகிறவரின் நம்பிக்கையோடு வாதாடிப் பிரயோசனமில்லை. இருப்பதை இருக்கிறபடி காட்டுங்கள்.

சாயம்?

வியர்த்தால் இறங்கும். நடுவரின் வெள்ளைச் சட்டையில் ஒட்டினால் இன்னும் சங்கடம்.

குதிரை முரண்டு பிடிக்கிறது. அமைதியாக இருக்க ஊசி போடலாமா? முள் கடிவாளம் மாட்டலாமா?

இரண்டும் வேண்டாம். முள் கடிவாளத்துக்குச் சட்டப்படியே தடை இருக்கிறது. ஊசி போட்ட குதிரை தலையைத் தொங்கப் போட்டு நிற்கும், அனுபவப்பட்டவர் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். முரண்டு பிடிப்பது பெரும்பாலும் பழக்கம் இல்லாததால். ஒலிபெருக்கி, தாரை தப்பட்டை, கூட்டம், குடை என்று ஒவ்வொன்றாக ஒரு மாதம் பழக்குங்கள். கோயில் விசேஷம் நடக்கும் தெருவில் தூரமாக நிறுத்தி வேடிக்கை பார்க்க விடுவதே பாதிப் பயிற்சி.

களத்தில் எப்படி நிறுத்துவது, எப்படி ஓட்டுவது?

நீங்கள் குதிரையின் இடது பக்கம், தலைக்கும் தோளுக்கும் நடுவே. நடுவர் எந்தப் பக்கம் நகர்கிறாரோ அவர் பார்வையை மறைக்காமல் நீங்கள் இடம் மாற வேண்டும். நாலு காலும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி சமதரையில் நிறுத்துங்கள். காது முன்னால் வர வேண்டும் என்றால் களத்துக்கு வெளியே ஆள் ஒருவரை நிறுத்தி, வாளியில் நாலு கொள்ளைப் போட்டுக் குலுக்கச் சொல்லுங்கள். அதையும் ஓயாமல் குலுக்கினால் குதிரைக்குச் சலித்துவிடும். நடுவர் எதிரில் வரும்போது மட்டும் ஒரு குலுக்கு.

ஓட்டும்போது இழுத்துக்கொண்டு முன்னால் ஓடாதீர்கள். தோளுக்குப் பக்கத்தில் ஓடுங்கள், கயிறு தளர்வாக இருக்கட்டும். இழுத்தால் தலை கோணி, கால் வீச்சு குறுகிவிடும். திருப்பும்போது குதிரையை உங்களை விட்டு விலக்கி, வலது பக்கமாகத் திருப்புங்கள், உங்கள் கால் மிதிபடாது. மார்வாரியில் சிலவற்றுக்கு 'ரெவால்' என்கிற, முதுகு குலுங்காத இயல்பான நடை இருக்கும். இருந்தால் அதைக் காட்டாமல் வராதீர்கள்.

மணி, சலங்கை, குஞ்சம் எல்லாம் நாட்டியக் குதிரைக்கு அழகு. இனத் தோற்றம் பார்க்கும் பிரிவில் அவை கழுத்தையும் மார்பையும் மறைக்கும். சுத்தமான தோல் தலைக்கட்டு ஒன்று போதும்.

எந்த வயதுப் பிரிவில் சேர்ப்பது?

பல்லைப் பார்த்துத்தான். நடு முன்பல் இரண்டும் ஏறக்குறைய இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும், அடுத்த ஜோடி மூன்றரையில், கடைசி ஜோடி நாலரையில். பல் போடாதது, இரண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது என்று நாம் மாட்டுக்குச் சொல்கிற அதே கணக்கு. வடக்கே பல் போடாததை 'அதந்த்' என்றும் இரண்டு பல்லை 'தோ தந்த்' என்றும் அறிவிப்பார்கள், காது கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து காட்டக் குதிரையை வீட்டிலேயே பழக்கி வையுங்கள்.

என்னென்ன சான்றிதழ் வேண்டும்?

உடல்நலச் சான்றிதழும், கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்ற ரத்தப் பரிசோதனை முடிவும். இது குதிரை, கழுதை, கோவேறு கழுதைக்கு வரும் பாக்டீரியா நோய், மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி கிடையாது. உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்துவிடுவார்கள். முடிவு வர நாளாகும் என்பதால் உள்ளூர்க் கால்நடை மருத்துவமனையில் முன்கூட்டியே சொல்லி ரத்தம் எடுத்துவிடுங்கள். ரணஜன்னிக்கான டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், அந்த நோய் குதிரையை மிக எளிதில் பிடிக்கும்.

அன்று காலை என்ன வரிசையில் செய்வது?

விடியுமுன் தீவனமும் தண்ணீரும். அப்புறம் தேய்ப்பு, காலில் வெள்ளை இருந்தால் ஈரத்துணியால் துடைத்துக் காய்ந்ததும் கொஞ்சம் பவுடர், பிடரியை ஈரப் பிரஷால் ஒரே பக்கம் படிய வைத்தல், கடைசியில் குளம்பு பாலீஷ். பாலீஷ் காயும் வரை புழுதியில் நிறுத்தாதீர்கள், ஒரு சாக்கை விரித்து அதன்மேல் நிறுத்துங்கள். மூக்கும் கண்ணும் துடைக்க ஒரு துணி, வாலுக்கு அடியில் துடைக்க வேறு துணி. நீங்களும் குளித்துவிட்டுச் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு போங்கள், சிலர் அதை மறந்தே போய்விடுகிறார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும்?

ஸ்ப்ரே, பவுடர், பாலீஷ் எல்லாவற்றையும் கழுவி எடுங்கள். சந்தையில் பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்டாமல் சொந்த வாளியையும் பிரஷையும் பயன்படுத்தியிருந்தாலும், வந்த குதிரையை இரண்டு மூன்று வாரம் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாகக் கட்டுங்கள். பிரஷ் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் காயப் போடுங்கள், படர்தாமரை அதில்தான் ஊர் விட்டு ஊர் வரும். தினம் காலையில் உடல் வெப்பம் பாருங்கள். 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட் வரை இருந்தால் சரி. அதைத் தாண்டினாலோ மூக்கிலிருந்து சளி வடிந்தாலோ உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், எனக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.